மிதிக்காமல் எடுத்த சீப்பு

இவாசே ஊரில் பழைய சீப்பு வியாபாரம் செய்த மொஹெய்யின் மனைவி இசோவின் தலையில் பவளம் வளர்ந்தது. கல்யாணம் ஆன வருடம் அது கட்டைவிரல் உயரம் இருந்தது. மகள் பிறந்த வருடம் ஒரு சாண். அதற்குப் பிறகு வெட்டிக்கொண்டே இருந்ததால் உயரம் எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அந்த வருடங்களில் சூரை மீன் நன்றாகக் கிடைத்தது, அரிசி விலை ஏறி இறங்கியது, இரண்டு பெரிய புயல் அடித்தது, இசோவின் தலையில் பவளம் வளர்ந்தது. எங்கள் ஊரில் இவற்றை எல்லாம் ஒரே மூச்சில்தான் சொல்வார்கள்.

எங்கள் ஊர் தோசா மாகாணத்தின் மேற்குக் கோடியில், மலை சறுக்கி நேராகக் கடலுக்குள் இறங்குகிற இடத்தில் இருக்கிறது. பிரபுக்கள் ஆண்ட காலத்தில் இங்கே பவளம் என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. கடலடியில் அது கிடப்பது வெளியே தெரிந்தால் மேலே இருப்பவர்கள் பங்கு கேட்பார்களே என்ற பயம் பிரபுவுக்கு. சொன்னது பிரபுவின் காதுக்குப் போனால் வாயைக் கிழித்துவிடுவாரே என்ற பயம் எங்களுக்கு. வலையில் தப்பித்தவறி ஒரு கொம்பு சிக்கினால் படகில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் அதைத் திரும்பக் கடலில் போட்டார்கள். பிறகு மெய்ஜி பேரரசர் வந்தார், பிரபுக்கள் போனார்கள், சொல்லுக்கு விடுதலை கிடைத்தது. சொல்லை அவிழ்த்துவிட்ட கையோடு பொருளைப் பிடித்துக் கட்டினோம். படகு வைத்திருந்தவன் எல்லாம் கல் கட்டிய வலையை அடியில் போட்டு இழுத்தான். கோச்சி நகரத்துக்கு இத்தாலிக்காரர்கள் வந்து விடுதியில் தங்கி, ஒரு கண்ணில் கண்ணாடியைச் செருகிக்கொண்டு பவளம் வாங்கினார்கள்.

அதே காலத்தில் வாள் வைத்திருந்த குடும்பங்களுக்கு மானியம் நின்றுபோனது. ஆண்கள் என்ன செய்வது என்று தெரியாமல் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள்; பெண்கள் தலையில் இருந்ததைக் கழற்றி விற்றார்கள். அரக்குப் பூசிப் பொன்தூளில் நாரை வரைந்த சீப்புகள், முத்துச்சிப்பி இழைத்த சீப்புகள், ஆமை ஓட்டில் அறுத்த சீப்புகள் எல்லாம் பின்வாசல் வழியாக வெளியே வந்தன. அந்தப் பின்வாசல்களில் மூங்கில் கூடையோடு நின்றவன் மொஹெய். கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். கெட்டவர்களுக்குக் கொஞ்சம் தைரியம் வேண்டும். இவன் பொறுமையாக நிற்பான், சீப்பை மூக்கருகே கொண்டுபோய் முகர்வான், எண்ணெய் வாசம் பழசாகிவிட்டதா என்று பார்த்து அந்த வீட்டில் அடுப்பு எரிந்து எத்தனை நாள் ஆகியிருக்கும் என்று கணிப்பான். அழுதுகொண்டே கொடுக்கிறவளிடம் பேரம் பேசுவது சுலபம் என்று சாராயம் உள்ளே போன நேரங்களில் அவனே சொல்லியிருக்கிறான்.

சீப்புக்கு எங்கள் பேச்சில் குஷி என்று பெயர். தமிழ்க் காதுக்கு அது கொண்டாட்டமாகக் கேட்கும். இங்கே கு என்றால் துன்பம், ஷி என்றால் சாவு. அதனால் யாரும் சீப்பைச் சீப்பு என்று சொல்லிப் பரிசாகக் கொடுப்பதில்லை, கொண்டை ஊசி என்று பெயர் மாற்றித்தான் கொடுப்பார்கள். கீழே விழுந்த சீப்பைச் சட்டென்று கையால் எடுப்பதும் இல்லை. முதலில் காலால் ஒரு மிதி, துன்பம் நசுங்கிப் போகும், அப்புறம் எடுக்கலாம். அடுப்பு சுடும் என்பதற்கு அடுத்தபடியாக எங்கள் குழந்தைகள் கற்றுக்கொள்வது இதைத்தான். ஒருவர் வீசிய சீப்பை மற்றவர் மிதிக்காமல் எடுத்துவிட்டாலோ அதோடு உறவு தீர்ந்தது. எடுத்தவருக்கு வீசியவர் யாரென்றே தெரியாது. வீசியவருக்கு மட்டும் எல்லாம் ஞாபகம் இருக்கும்.

இவாசேயின் பெண்கள் விவாகரத்துக்கு இதைத்தான் நம்பியிருந்தார்கள். கல்யாணத்தன்று புருஷன் கொடுத்த சீப்பைக் கழற்றி அவன் காலடியில் வீசுவார்கள். அவனும் சலித்துப் போயிருந்தால் மிதிக்காமல் குனிந்து எடுப்பான். கட்டிவைத்த சீப்பால்தான் அவிழ்க்க முடியும், வேறு சீப்பு செல்லாது. படகு செய்யும் தச்சன் ஒருவன் அப்படி எடுத்த மறுவருடமே கோயில் திருவிழாவில் அதே பெண்ணைப் பார்த்துவிட்டு, யார் வீட்டுப் பெண், லட்சணமாக இருக்கிறாளே என்று தரகரை அனுப்பினான். அவள் தரகரின் தலையில் அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றினாள். பிரிந்த ஆண்கள் எங்கள் ஊரில் சந்தோஷமாக இருப்பதும் பிரிந்த பெண்கள் கொஞ்சம் கடுகடுவென்று இருப்பதும் இதனால்தான்.

இசோ படகுக்காரக் குடும்பத்துப் பெண். வெயிலில் கறுத்தவள், சத்தமாகச் சிரிப்பவள், நீச்சலில் அவள் அண்ணன்மாரை மிஞ்சியவள். மொஹெய் அவளுக்குக் கொடுப்பதற்கு ஓர் ஆமை ஓட்டுச் சீப்பை எடுத்துவைத்திருந்தான். வீரர் குடும்பம் ஒன்றிலிருந்து வந்த நல்ல சீப்புதான், ஆனால் மேலே பதித்திருந்த பவள வேலைப்பாடு உடைந்துபோயிருந்தது. நல்ல பவளத்தை வைக்க மனசு வரவில்லை. இசோவின் அண்ணன் படகில் அன்று காலை வந்ததில், புழு துளைத்ததால் விலைபோகாத ஒரு கொம்பை ஈரம் காய்வதற்குள் வாங்கி அந்த இடத்தில் பொருத்திவிட்டான். கல்யாண விருந்தில் எல்லாரும் பார்க்க அதை நீட்டி, நாள் முழுதும் கடையில் சொல்லிப் பழகிய வாய் அல்லவா, இந்தா குஷி என்று சொல்லிவிட்டான். அவன் அம்மா ஷிகே பலமாக இருமி அந்தச் சொல்லை மறைக்கப் பார்த்தாள். கேட்டவர்கள் கேட்காதது போல் குடித்தார்கள். இசோ அதை வாங்கிச் செருகிக்கொண்டாள்.

மூன்றாம் மாதம் சீப்பு தலையை விட்டு வரவில்லை. எண்ணெய் போட்டு இழுத்தார்கள், வெந்நீர் ஊற்றி இழுத்தார்கள். சீப்பின் பல் ஒவ்வொன்றின் வழியாகவும் பவளம் கீழே இறங்கித் தோலில் வேர் பிடித்திருந்தது. இழுத்த இடத்தில் ரத்தம் வரவில்லை, உப்புத் தண்ணீர் கசிந்தது. கடல் ஏறும் நேரத்தில் கொம்பு முழுவதும் எள்ளுப்பூ அளவில் வெள்ளை வெள்ளையாக விரிந்தது. கடல் வடிந்தால் மூடிக்கொண்டது. கடல் தண்ணீரால் தலையை நனைக்காவிட்டால் அவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கனத்தைத் தாங்குவதற்காக அவள் கழுத்தை நேராக வைத்து நடக்கப் பழகினாள். வெளியூர்க்காரர்கள் பார்த்துவிட்டு, சீப்பு வியாபாரியின் பெண்டாட்டிக்கு இவ்வளவு திமிரா என்றார்கள்.

ஷிகேதான் முதலில் ஒடித்தாள். வேண்டுமென்றே இல்லை, தலை துவட்டும்போது துணி மாட்டி ஒரு நுனி முறிந்தது. இசோ போட்ட சத்தத்தில் துறையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். மொஹெய் ஓடிவந்தான். மனைவியின் தலையைப் பார்க்கவில்லை, நுனியைப் பார்த்தான். எடுத்துக்கொண்டு ஜன்னல் ஓரம் போனான், நாக்கில் வைத்தான், பல்லில் தட்டினான், வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். புழுத் துளை ஒன்றுகூட இல்லாமல் ரத்தச் சிவப்பாக இருந்தது. அப்படி ஒரு சிவப்பு தோசாக் கடலில் வந்ததே இல்லை என்று பிறகு கோச்சி வியாபாரிகளும் ஒப்புக்கொண்டார்கள். அன்றிலிருந்து ஒவ்வோர் அமாவாசைக்கும் வெட்டினார்கள். வாயில் துணியைச் சுருட்டி வைத்து, ஷிகே தோளைப் பிடித்துக்கொள்ள, மொஹெய் வெட்டினான்.

அந்தப் பவளத்தை உருட்டிக் கொண்டை ஊசிகளில் பதித்து விற்றார்கள். அவற்றைச் செருகிக்கொண்ட பெண்களுக்கு அமாவாசை அன்று காரணமில்லாமல் அழுகை வந்தது. முதலில் ஒசாகாவிலிருந்து ஒருத்தர் ஊசியைத் திருப்பி அனுப்பினார். இரண்டாவது ஆள் திருப்பி அனுப்பவில்லை, இன்னொன்று கேட்டார். கண்ணில் நீர் நிற்கும்போது பெண்கள் அழகாக இருக்கிறார்கள் என்று ஆண்கள் கண்டுபிடித்திருந்தார்கள். அவ்வளவுதான், அழும் பவளம் என்று பெயர் வைத்து மொஹெய் விலையை ஏற்றினான். வாங்க வசதி இல்லாத வீட்டுப் பெண்கள் அமாவாசை அன்று கண்ணுக்குக் கீழே காரக் கிழங்கை அரைத்துத் தடவிக்கொண்டார்கள். யாருடைய வலி இது என்று கேட்டு ஒரே ஒருவர்கூட எங்கள் ஊருக்கு வரவில்லை.

ஊர் மட்டும் என்ன செய்தது என்று கேட்கலாம். பள்ளிக்கூடத்துக்கு ஓடு போட்டது, துறைக்கு அலைத்தடுப்பு கட்டியது, கோயிலுக்குப் புது மணி வாங்கியது எல்லாம் மொஹெய்யின் நன்கொடை. இசோவின் அண்ணனுக்குப் புதுப் படகு வந்தது. அவள் ஒரு தடவை பிறந்த வீட்டுக்கு ஓடிவந்தபோது அவனே அந்தப் படகில் ஏற்றித் திரும்பக் கொண்டுபோய் விட்டான். அமாவாசை அன்று அந்த வீட்டுப் பக்கமிருந்து சத்தம் வரும் நேரத்தில் கோயில் மணியை அடித்தார்கள். நல்ல மணி, வெகுதூரம் கேட்கும். எங்களுக்கு வாய் இருந்தது, அதில் சோறும் இருந்தது.

ஒரு நாள் இசோ சாவதற்காகக் கடலில் இறங்கினாள். நீச்சல் தெரிந்தவள் என்பதால் மடியில் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்கினாள். சாக முடியவில்லை. பவளம் அவளுக்காக மூச்சு விட்டது. விடிய விடியக் கடலடியில் உட்கார்ந்திருந்துவிட்டு, கடல் வடிந்ததும் கல்லை அவிழ்த்துப் போட்டு நடந்து வீட்டுக்கு வந்தாள். கொம்பு ஒரே நாளில் இரண்டு சாண் வளர்ந்திருந்தது. மொஹெய் அவளைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. ஏன் இது எனக்கு முதலிலேயே தோன்றவில்லை என்று தலையில் அடித்துக்கொண்டு, அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் இடுப்பில் கயிறு கட்டி அவனே அவளைக் கடலில் இறக்கினான்.

அவளுக்குத் தலை வாரிவிட வருகிறவள் ஒகுமா. ஊர்ப் பெண்கள் எல்லாருக்கும் கொண்டை போடுகிறவள், மூன்று புருஷன்மாரிடம் சீப்பை வீசியவள், வாய்க்குப் பூட்டு இல்லாதவள். கொம்புகளுக்கு நடுவே விரலை விட்டு முடியைப் பிரித்துக்கொண்டே அவள் ஒரு நாள் சொன்னாள்:

"எவளுக்கு வேணா வழி இருக்கு பொண்ணே. கழட்டி மூஞ்சில எறிஞ்சிட்டு நடையக் கட்டலாம். உனக்கு மட்டும் எறியுற பொருளே தலையில வேர் விட்டு உக்காந்திருக்கு. இப்படி ஒரு பூட்டை எவனும் போட்டு நான் பாத்ததில்ல."

"தலையோட சேத்து எறிஞ்சா செல்லுமா அக்கா?" என்று இசோ கேட்டாள்.

ஒகுமா கொம்புகளுக்கு நடுவிலிருந்து விரலை எடுத்தாள். எண்ணெயை எடுத்துத் தடவ ஆரம்பித்தாள்.

இசோவுக்கு ஒரே மகள், சயோ. அம்மாவின் கறுப்பும் அம்மாவின் சிரிப்பும் அப்படியே வந்திருந்தன. இசோ அவளுக்கு வேறு யாரையும் தலை வார விட்டதில்லை. பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த ஒரு மரச்சீப்பால் தினமும் தானே வாரிவிடுவாள். சீப்பு விழுந்தால் முதலில் மிதி, அப்புறம் எடு என்று அந்தப் பெண்ணுக்கு மற்றவர்களைவிட அதிகமாகவே சொல்லி வளர்த்தாள். அமாவாசை வந்தால் சயோ காதைப் பொத்திக்கொண்டு மலைப்பாதையில் ஓடுவாள். இருட்டிய பிறகு வந்து அம்மாவின் மடியில் படுத்துக்கொண்டு, ரொம்ப வலிச்சுதாம்மா என்று கேட்பாள். இல்லடி, நீ ஓடிட்டியேன்னுதான் கத்துனேன் என்பாள் இசோ. அதற்கு இரண்டு பேரும் சிரிப்பார்கள். அந்த வீட்டில் கேட்ட சிரிப்பு அது ஒன்றுதான்.

இந்தப் பவளம் மற்றவர்கள் தலையில் பிடிக்கிறதா என்று மொஹெய் பார்க்காமல் இல்லை. வேலைக்காரிகள் தலையில் வைத்துப் பார்த்தான், காய்ந்து உதிர்ந்தது. ஷிகே ஆசை தாங்காமல் தன் நரைத்த கொண்டையில் தானே ஒரு துண்டைச் செருகிக்கொண்டு ஒரு வாரம் உப்புத் தண்ணீர் ஊற்றினாள். சளி பிடித்தது, பவளம் பிடிக்கவில்லை. சயோ கைக்குழந்தையாக இருந்தபோது அவள் காதுக்குப் பின்னால் ஒரு சிறு துணுக்கை ஒட்டிவைத்தார்கள். விடிவதற்குள் அது தோலில் இறங்கிவிட்டது. இசோ அதைப் பார்த்ததும் பல்லால் கடித்துப் பிடுங்கித் துப்பினாள். ஆனால் பார்க்க வேண்டியதை அவர்கள் பார்த்துவிட்டார்கள். இசோவின் ரத்தத்தில் மட்டும் அது பிடிக்கும். மண்டையோடு கெட்டிப்படட்டும், பெண்ணுக்குப் பதின்மூன்று வயதானதும் பெரியவர்கள் போல முதல் கொண்டை போடுவோமே, அன்றைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று அம்மாவும் மகனும் முடிவு செய்தார்கள்.

அந்த வருடம் வந்தது. மொஹெய் இன்னோர் ஆமை ஓட்டுச் சீப்பைத் தேடி எடுத்துத் துடைத்துவைத்தான். இசோ அவன் முன்னால் விழுந்து, பெண்ணை விட்டுவிடும்படி கேட்டாள். கொம்பு பாயில் இடிக்கும் என்பதால் அவளால் முழுதாகக் குனியவும் முடியவில்லை. மொஹெய் கோபப்படவில்லை. வியாபாரத்தில் ஒரு விஷயத்தை விளக்குவது போல் விளக்கினான்.

"உன்னோடதுல நடுவுல வெள்ளை விழ ஆரம்பிச்சிருச்சு. இத்தாலிக்காரன் கண்ணாடியப் போட்டுப் பாத்துட்டு உதட்டப் பிதுக்குறான். இன்னும் கொஞ்ச வருஷம் போனா சுண்ணாம்புதான். அப்புறம் இந்த வீடு எதத் தின்னும்?"

"அவ சின்னப் பொண்ணுங்க."

"நீயும் சின்னப் பொண்ணாத்தான் வந்த. செத்தா போயிட்ட?"

இசோ எழுந்து அடுப்படிக்குப் போனாள். பெண்ணைக் கூட்டிக்கொண்டு எங்கே போவது? எல்லைக் காவலில் மொஹெய்யின் சாராயம் குடிக்காதவர் யாரும் இல்லை, பிறந்த வீட்டில் அண்ணன் இருந்தான், கடல் தண்ணீர் இல்லாத ஊரில் அவளுக்கு உயிர் நிற்காது. பெண்ணைத் தனியாக அனுப்பினால் அப்பன் போய்க் கூட்டிவந்துவிடுவான். சயோ எங்கே போனாலும் இசோவின் மகளாகத்தான் போவாள், இசோவின் ரத்தம் கூடவே போகும். பல நாள் யோசித்து அவள் கடைசியில் அந்த ரத்தத்தையே பிரித்துவிடுவது என்று முடிவுக்கு வந்தாள். புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவே கல்யாணச் சீப்புதான் செல்லும். பெற்றவளுக்கும் பிள்ளைக்கும் நடுவே எந்தச் சீப்பு செல்லும் என்று இவாசேயில் யாருக்கும் தெரியாது, ஏனென்றால் அதுவரை எந்தத் தாயும் வீசியதில்லை. பதின்மூன்று வருடம் வாரிவிட்ட மரச்சீப்பு செல்லும் என்று இசோ நினைத்தாள். அது செல்லாமல் போய்விட வேண்டும் என்றும் நினைத்திருப்பாள்.

கொண்டை போடும் நாள் காலையில் ஒகுமா வந்து தன் சீப்புப் பெட்டியைத் திறந்தாள். அடுத்த அறையில் மொஹெய் புதுச் சீப்பில் ஈரப் பவளத்தைப் பொருத்திக்கொண்டிருந்தான். சயோ புதுப் பட்டு உடுத்திக்கொண்டு, கண்ணாடியில் தன்னைப் பார்த்து முகத்தைக் கோணிச் சிரித்துக்கொண்டிருந்தாள். இசோ அவள் தலையைக் கடைசியாக ஒரு தடவை வாரிவிட்டாள். வழக்கத்தைவிட நேரம் எடுத்துக்கொண்டாள், அதற்காக ஒகுமா அவளை அதட்டக்கூடச் செய்தாள். பிறகு கையிலிருந்த மரச்சீப்பைப் பாயில் வீசினாள். ஒகுமா அதைப் பார்த்தாள். தவறி விழுந்த சீப்பு அவ்வளவு தூரம் போகாது என்பது தலை வாரிப் பிழைக்கிறவளுக்குத் தெரியாதா? சயோ பார்க்கவில்லை.

"அம்மா, உன் சீப்பு விழுந்திருச்சு பாரு" என்று சொல்லிக்கொண்டே சயோ எழுந்து போனாள். சொல்லி வளர்த்த பெண் இல்லையா, போன வேகத்திலேயே மிதிக்கக் காலைத் தூக்கினாள்.

"அம்மா சீப்பையா மிதிக்கப் போற?" என்றாள் இசோ.

அவ்வளவுதான் சொன்னாள். அந்தப் பெண்ணுக்கு முகம் சுருங்கிவிட்டது. தூக்கிய காலைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டாள், தப்பு செய்துவிட்டது போல. குனிந்து இரண்டு கையாலும் சீப்பை எடுத்தாள். நிமிர்ந்தபோது அவள் முகத்தில் நல்ல வளர்ப்புள்ள பெண்கள் அந்நியர் முன்னால் வைத்துக்கொள்கிற அடக்கம் வந்திருந்தது.

"இது உங்களோடதாம்மா?" என்று கேட்டு நீட்டினாள்.

அம்மா என்றுதான் சொன்னாள். வாசலில் மீன் கொண்டுவருகிறவளையும் நாம் அம்மா என்றுதான் கூப்பிடுகிறோம். நீ என்று கூப்பிட்ட வாயில் நீங்க வந்துவிட்டது. இசோ ஆமாம் என்று தலையை ஆட்டி வாங்கிக்கொண்டாள். அன்று அமாவாசை இல்லை. இருந்தும் ஒசாகாவில் ஒரு நாடகக் கொட்டகையில் முன்வரிசைப் பெண்கள் அத்தனை பேரும் சிரிக்க வேண்டிய கட்டத்தில் ஓவென்று அழுதார்கள். நடிகன் தன் திறமை என்று நினைத்துக்கொண்டான்.

கொண்டை போட்டு முடிந்ததும் மொஹெய் புதுச் சீப்பைக் கொண்டுவந்து செருகினான். மறுநாள் பார்த்தால் பவளம் வெளுத்துப் பாயில் தூளாகக் கிடந்தது. இன்னொரு துண்டு வைத்தான், அதுவும் தூளானது. பெண்ணைக் கடல் தண்ணீரில் முக்கினான், அவளுக்குக் காய்ச்சல் வந்தது. சாப்பாட்டு நேரத்தில் சயோ இசோவைப் பார்த்து, உங்களுக்கு இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டுமா என்று கேட்டபோதுதான் அவனுக்கு விளங்கியது. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து இசோவிடம் வந்தான். கையை ஓங்கினான், தலையில் அடித்தால் நஷ்டம் என்று தெரிந்ததால் முதுகில் அடித்தான். ஷிகே, பெத்த பொண்ணையே எறிஞ்சிட்டாளே, இவளும் ஒரு பொம்பளையா என்று துறையில் போய்ச் சொன்னாள். துறையில் பலரும் அதை ஆமோதித்தார்கள். தாய்ப்பாசம் பற்றி எங்கள் ஊருக்கு அன்று நிறையக் கருத்து இருந்தது.

கல்யாணத்துக்கு வயது வரும்வரை சயோ அந்த வீட்டில்தான் இருந்தாள். அப்பாவைத் தெரியும், பாட்டியைத் தெரியும். தலையில் கொம்பு வைத்த அந்த அம்மாளை மட்டும் யாரோ உறவுக்காரர் என்று நினைத்திருந்தாள். மரியாதையாக இருந்தாள், காலையில் வணக்கம் சொல்வாள், குளிரில் அவருக்குக் கணப்பை நகர்த்தி வைப்பாள். தன்னைப் பெற்றவள் யார் என்று அவள் கேட்கவில்லை. எடுத்தவர்களுக்கு அந்த இடத்தில் கேள்வியே எழுவதில்லை. ஷிகேவுக்கு மூட்டுவலி வந்து எழுந்திருக்க முடியாமல் போனதும், அமாவாசை அன்று விழுகிற துண்டுகளை ஏந்துவதற்குக் கிண்ணத்தைப் பிடித்துக்கொள்ளும் வேலை சயோவிடம் வந்தது. இப்போது அவள் காதைப் பொத்திக்கொண்டு ஓடவில்லை. ஆடாமல் அசையாமல் பிடித்தாள். பாவம் அந்தம்மா, எப்படித்தான் தாங்குறாங்களோ என்று ஒகுமாவிடம் சொல்லிவிட்டு, போய்க் கையைக் கழுவிக்கொண்டாள். இதை என்னிடம் சொன்னவள் ஒகுமா. மகள் அவ்வளவு பக்கத்தில் வந்து உட்கார்வதற்காகவே இசோ அமாவாசையை எதிர்பார்க்க ஆரம்பித்திருந்தாள் என்றும் சொன்னாள்.

பவளத்துக்கு உதவாத பெண்ணை வீட்டில் வைத்துச் சோறு போட மொஹெய்க்கு விருப்பமில்லை. உவாஜிமா பக்கத்தில் நெத்திலி உலர்த்தி விற்கிற குடும்பத்தில் கேட்டார்கள், கொடுத்துவிட்டான். மாப்பிள்ளை கை எல்லாம் மீன் செதில், பேசத் தெரியாதவன், ஆனால் பெண்ணைப் பார்த்ததும் காது சிவந்தது. சயோவின் கொண்டையில் வெறும் மரக் கொண்டை ஊசி ஒன்றைத்தான் வைத்து அனுப்பினார்கள். புறப்படும் முன் அவள் அப்பாவின் முன்னால் கை ஊன்றி வணங்கினாள், பாட்டியை வணங்கினாள். பிறகு கூடத்தின் கோடியில் உட்கார்ந்திருந்த இசோவிடம் வந்து அதே போல் வணங்கினாள். படகு காத்திருந்தது. போகும் பெண் ஏனோ உடனே எழுந்திருக்கவில்லை.

"இத்தனை வருஷம் ஒரே வீட்ல இருந்தோம், கேட்டதே இல்ல. உங்களுக்குப் பிள்ளைங்க இருக்காம்மா?"

"ஒரு பொண்ணு. தூரத்துல கட்டிக் குடுத்திருக்கு."

"பாக்க வருமா?"

"வராது."

"இப்படிக் கெடக்கீங்க, ஒரு தடவ வந்து எட்டிப் பாக்கலன்னா அது என்ன பொண்ணு?" என்றாள் சயோ. அவளுக்கு உண்மையாகவே கோபம் வந்திருந்தது.

"அப்படிச் சொல்லாதம்மா. நல்ல பொண்ணு" என்றாள் இசோ.

சயோ இன்னொரு முறை வணங்கிவிட்டு எழுந்து போனாள். படகு அலைத்தடுப்பைத் தாண்டும்போது அவள் திரும்பிப் பார்த்தாள், புதுப்பெண்கள் எல்லாரும் பார்ப்பதுபோல, ஊரைப் பார்த்தாள். அன்று அமாவாசை. கடல் ஏறிக்கொண்டிருந்தது; இசோவின் கொம்பில் வெள்ளைப் பூக்கள் விரிந்திருந்தன. போன மாதத்தைவிட ஒரு விரல் உயரம் கூடியிருந்தது, நடுவில் வெள்ளையும் கொஞ்சம் கூடியிருந்தது. மொஹெய் கத்தியை எடுத்து வந்தான். கிண்ணத்தை ஏந்த ஆள் இல்லாததால் இசோவே அதை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டாள்.